இரு கண்கள், ஒரு பார்வை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போகிறதா, எஞ்சினியருக்குப் படிக்கப் போகிறதா?" என்பதே அவ்வினா. இவ்விரண்டுக்கும் அப்பால் எத்தனையோ துறைகள் உள்ளன என்று எடுத்துரைத்தால், "அதெல்லாம் சரிதான், நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்று பெற்றோர் திருப்பிக் கேட்கின்றனர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத மகள் வீட்டின் ஒரு மூலையில் அழுதுகொண்டிருப்பாள். ஏதோ பெரிய இழப்பு நேர்ந்துவிட்டதைப் போல அவ்வீடே வாடியிருக்கும். கல்லூரியில் பணிபுரியும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. ஆலோசனை கேட்டு நம்மிடம் வருவோர்க்கு அண்மைக் காலமாக நாம் ஒரு துறையை எடுத்துச் சொல்லி வருகிறோம். அதன் பெயர் ஆர்த்தாப்டிக்ஸ்.

தமிழ்த்துறை மலரில் கண்ணைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் மொழியின் பழைய வழக்கம். உவமையாக நிற்கும் அந்தக் கண்ணையே, கவனிப்பார் இன்மையால் இழந்துவிடும் குழந்தைகள் நம் தெருக்களில் இருக்கின்றனர். அவர்களைப் பற்றிப் பேசத் தமிழாசிரியர்க்கும் உரிமை உண்டு; கடமையும் உண்டு.

எது இத்துறை?

'ஆர்த்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'நேரானது' என்பது பொருள். 'ஆப்டிகோஸ்' என்பது பார்வையைச் சார்ந்தது. இரண்டும் சேர்ந்து அமைந்த இப்பெயரைத் தமிழில் 'நேர்பார்வையியல்' என வழங்கலாம். கண் மருத்துவத்தில் ஈடுபட்டோர் பல திறத்தினர். மருத்துவப் பட்டம் பெற்று, மேற்படிப்பும் முடித்து, அறுவை செய்பவர் கண் மருத்துவர். பார்வையின் குறையை அளந்து, தக்க கண்ணாடியைப் பரிந்துரைப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பரிந்துரைத்த கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தித் தருபவர் ஆப்டீஷியன். இரு கண்களும் ஒன்றுபட்டு இயங்குகின்றனவா என ஆராய்ந்து, இயங்காதபோது அவற்றைப் பழக்கி நெறிப்படுத்துபவரே ஆர்த்தாப்டிஸ்ட்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரு கண்களுக்குமாகப் பன்னிரண்டு தசைகளும் ஒத்திசைந்து இயங்கினால்தான் நாம் ஒரு பொருளை நேராகப் பார்க்க இயலும். இரு கண்களும் சற்று இடைவெளிவிட்டு அமைந்திருப்பதால் அவை காணும் காட்சிகள் சிறிதளவு வேறுபடுகின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைக்கிறது. அந்த இணைப்பிலிருந்தே ஆழமும் தொலைவும் நமக்கு நுட்பமாகப் புலப்படுகின்றன. ஊசியில் நூல் கோப்பதும், தேநீரைச் சிந்தாமல் ஆற்றுவதும், வரும் பந்தைப் பிடிப்பதும் இதனால் எளிதாகின்றன. இறைவன் இரண்டு கண்களைத் தந்திருப்பது ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பதற்காக மட்டும் அன்று. இரண்டும் கூடிச் செய்யும் வேலையை ஒன்று தனித்துச் செய்ய இயலாது.

முன்னோர் காட்டிய வழி

இத்துறையின் வேர்களைத் தேடிச் சென்றால் நாம் பக்தாதுக்கும் கெய்ரோவுக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. பஸராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலை ஏழு பகுதிகளாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் எண்ணியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று அவர் சோதனைகளால் நிறுவினார். ஒரு பலகையில் கோடுகள் வரைந்து, அவற்றின்மேல் சிறு மெழுகுத் துண்டுகளை நிறுத்தி, எந்த நிலையில் ஒரு பொருள் ஒன்றாகத் தெரிகிறது, எந்த நிலையில் இரண்டாகத் தெரிகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். இன்று ஆர்த்தாப்டிஸ்ட் தம் அறையில் எழுப்பும் கேள்வியும் அதுவேயாகும். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் ஐரோப்பாவில் அச்சேறியது.

பக்தாதில் வாழ்ந்து 901இல் மறைந்த ஸாபித் இப்னு குர்ரா, மாறுகண் உள்ளவரின் நல்ல கண்ணை மூடிவைக்குமாறு கூறினார் என மருத்துவ வரலாற்றாசிரியர் எழுதுவர். நல்ல கண்ணை மூடினால் நலிந்த கண் உழைத்தே தீர வேண்டும் என்னும் இவ்வெளிய உண்மை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சிகிச்சையின் அடிப்படையாக நிற்கிறது.

தற்கால ஆர்த்தாப்டிக்ஸின் தந்தை என்று போற்றப்படுபவர் பிரான்ஸ் நாட்டு எமில் ஜவால். 1839இல் பிறந்த இவர் முதலில் சுரங்கப் பொறியியல் பயின்றவர். தம் குடும்பத்தில் தந்தைக்கும் தங்கைக்கும் மாறுகண் இருக்கக் கண்டு மருத்துவம் பயின்றார். அக்காலத்து அறுவை மருத்துவத்தின் விளைவுகளில் மனநிறைவு கொள்ளாத அவர், இரு படங்களை ஒன்றாகக் காட்டும் கருவியைக் கொண்டு தங்கைக்குக் கண்பயிற்சி அளித்தார். பிறர் பார்வைக்காக உழைத்த அவரே கண்ணழுத்த நோயால் தம் இறுதிக் காலத்தில் பார்வையை இழந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. பின்னர் இங்கிலாந்தில் கண் மருத்துவர் எர்னஸ்ட் மேடாக்ஸின் மகள் மேரி மேடாக்ஸ், 1920களில் இதனைத் தனித் தொழிலாக மேற்கொண்டார். உலகின் முதல் ஆர்த்தாப்டிஸ்ட் ஒரு பெண்மணி என்பதை நம் மாணவியர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதிர்ஷ்டம் என்னும் மயக்கம்

நம் ஊர்களில் மாறுகண் அதிர்ஷ்டத்தின் அடையாளம் என்றொரு எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. "பிள்ளை ராசியான பிள்ளை" என்று சொல்லி மகிழ்கின்றனர். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஆறுதல் கூறுவோரும் உளர். அதே பெண் குழந்தை வளர்ந்து நிக்காஹ் பேசும் பருவம் வந்ததும், அதிர்ஷ்டம் என்று கொண்டாடப்பட்ட அதே கண் குறை என்று பேசப்படுகிறது. அப்போதுதான் மருத்துவரைத் தேடி ஓடுகின்றனர். எந்த வயதிலும் அறுவை செய்து கண்ணை நேராக்கலாம்; ஆனால், அதற்குள் அக்கண்ணின் பார்வையில் பெரும்பகுதி மீளாமலே போயிருக்கலாம்.

ஏன் அவ்வாறு நேர்கிறது? குழந்தையின் ஒரு கண் விலகிப் பார்த்தால் மூளைக்கு இரண்டு வெவ்வேறு காட்சிகள் செல்கின்றன. குழப்பத்தைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் நாளடைவில் பார்க்கும் திறனை வளர்த்துக்கொள்ளாமல் நின்றுவிடுகிறது. இதனையே சோம்பல் கண் என்று கூறுவர். ஹ்யூபெல், வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக் குட்டிகளின் ஒரு கண்ணை இளம்பருவத்தில் மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர்த் திறந்துவிட்டபோது கண் நலமாகவே இருந்தும் மூளை அதன் செய்தியை ஏற்கவில்லை. பார்வையைப் பற்றிய இவ்வாய்வுகளுக்காக அவர்கள் 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். பார்வை பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. நடக்கவும் பேசவும் கற்பது போலக் குழந்தை பார்க்கவும் கற்கிறது. அந்தக் கல்விக்கு ஒரு பருவம் உண்டு. ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் மிகுதி. பதின்பருவத்திலும் ஓரளவு பலன் உண்டெனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் காலம் செல்லச் செல்லக் கதவு குறுகிக்கொண்டே போகிறது.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. எல்லாச் சோம்பல் கண்ணும் மாறுகண்ணாகத் தோன்றுவதில்லை. ஒரு கண்ணில் மட்டும் பார்வைப் பிழை மிகுந்திருந்தால் வெளியில் எந்த அடையாளமும் இராது. இரு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடும். ஆதலால் குழந்தைக்கே தன் குறை தெரியாது. பள்ளியில் சேர்க்கும் முன்னரே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது. மேலும், மாறுகண்ணோ, கண்மணியில் வெண்மையான ஒளிர்வோ தோன்றுவது, அரிதாக, விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எனவே, ராசி என்று காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம்.

கண்டதும் கற்றதும்

நம் தங்கை மகளுக்கு அப்போது ஐந்து வயது. இடக்கண் சற்றே மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது. "எங்கள் வம்சத்தில் வந்த அதிர்ஷ்டம் இது, கண்ணில் கை வைக்கக் கூடாது" என்று அவளுடைய வாப்பும்மா மறுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்த வாப்பாவிடம் தொலைபேசியில் பேசி, பெரியவர்களின் மனம் நோகாதபடி இணக்கம் பெற்று, நகரிலுள்ள கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

மருத்துவர் பார்த்த பின்னர், ஓர் அறையில் இளம்பெண் ஒருவர் குழந்தையைத் தம் முன் அமர்த்திக்கொண்டார். ஒரு சிறு பொம்மையைக் காட்டியபடியே ஒரு கண்ணை மறைத்தும் திறந்தும் மற்றைக் கண்ணின் அசைவைக் கவனித்தார். கண்ணாடிப் பட்டகங்களை ஒவ்வொன்றாகக் கண் முன் நிறுத்தி, விலகலின் அளவைக் குறித்துக்கொண்டார். பின்னர் ஒரு சிறப்புக் கண்ணாடியை அணிவித்து, பெரியதோர் ஈயின் படத்தைக் காட்டி, "இறக்கையைப் பிடி பார்க்கலாம்" என்றார். இரு கண்ணும் ஒன்றுபட்டுப் பார்க்கும் குழந்தைக்கு இறக்கை தாளைவிட்டு மேலெழுந்து தோன்றும். அது அந்தரத்தில் கிள்ளிப் பிடிக்க முயலும். நம் குழந்தையோ தாளின்மேல் தட்டையாக விரலை வைத்தாள்.

"இடக்கண் நன்றாகத்தான் இருக்கிறது சார். மூளைதான் அதை மறந்துவிட்டது. நாம் ஞாபகப்படுத்த வேண்டும்" என்றார் அப்பெண். கண்ணாடி எழுதித் தரப்பட்டது. தொடர்ந்து கண்ணாடி அணிந்த பின்னும் குறை எஞ்சியதால், நாள்தோறும் இரண்டு மணி நேரம் வலக்கண்ணைப் பேட்ச் ஒட்டி மூட வேண்டும் என்றனர். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, நடுத்தர அளவிலான சோம்பல் கண்ணுக்கு இரண்டு மணி நேரம் மூடுவதும் ஆறு மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதாகக் கண்டறிந்தது. அதற்கு முன்னர்க் குழந்தைகள் நாளில் பெரும்பகுதியை ஒட்டுடன் கழிக்க நேர்ந்ததும் உண்டு.

இரண்டு மணி நேரம் என்பது சொல்வதற்கு எளிது. முதல் வாரம் குழந்தை அழுது தீர்த்தாள், பேட்சைப் பிய்த்தெறிந்தாள். மாலை மதரஸாவில் காயிதா ஓதும் நேரத்தில் பேட்ச் ஒட்டியபோதுதான் அவள் குறையின் அளவு நமக்கு விளங்கியது. பே, தே, ஸே என்னும் எழுத்துகளுக்கு வடிவம் ஒன்றே. புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்தாம் வேறுபாடு. நேற்றுவரை சரளமாக ஓதிய குழந்தை, கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மூன்றா என்று தெரியாமல் திகைத்தாள். தமிழ்ப் பாடத்திலும் மெய்யெழுத்தின் புள்ளி அவளுக்குப் புலப்படவில்லை. தனித்து எழுதிய எழுத்தை அடையாளம் கண்டவள், அதே எழுத்து வரிசையில் நெருங்கி நின்றால் தடுமாறினாள். சோம்பல் கண்ணின் இயல்பே அதுதான் என்று பின்னர் அறிந்தோம்.

உஸ்தாத் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. வெள்ளைத் தாளில் பெரிய எழுத்துகளாக எழுதிக் கொடுத்து, "மெதுவாக ஓதட்டும், நன்மை குறைந்துவிடாது" என்றார்கள். அவளுடைய உம்மா பாசி கோக்கக் கொடுத்தாள். தொடக்கத்தில் மறுத்த வாப்பும்மாவே நாளடைவில் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, பேட்சை எடுத்து வா கண்ணு" என்று அழைக்கலானார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அப்பெண்மணி குழந்தையைச் சோதித்து, ஒரு வரி கூடுதலாக வாசித்தால் கைதட்டி மகிழ்வார். எட்டு மாதங்களில் குழந்தை எழுத்து அட்டையில் நான்கு வரிகள் கீழிறங்கி வாசித்தாள். கண்ணாடி அணிந்திருக்கையில் கண் நேராயிற்று. பார்வை முழுமையாக வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இன்னும் இரண்டு வரிகள் எஞ்சியிருந்தன. ஆயினும் காயிதாவின் புள்ளிகளை அவள் இடக்கண்ணாலும் எண்ணினாள்.

அந்த ஆர்த்தாப்டிஸ்ட், மருத்துவக் கல்வியில் இடம் கிடைக்காமல் இத்துறைக்கு வந்தவர் என்பதைப் பேச்சினிடையே அறிந்தோம். "அந்த வருத்தம் இன்னும் உண்டா?" என்று கேட்டோம். "முதல் வருஷம் இருந்தது சார். அப்புறம் நினைக்க நேரமில்லை, வெளியே பாருங்கள்" என்று சிரித்தபடி வாயிலைக் காட்டினார். அங்கே பன்னிரண்டு குழந்தைகள் தாய்மாருடன் காத்திருந்தனர்.

பெரியவர்க்கும் உண்டு தேவை

இத்துறை குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு உள்ள பெரியவர் ஒருநாள் காலையில் எழுந்ததும் ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்று அஞ்சுவார். கண் தசைக்குச் செல்லும் நரம்பு தளர்ந்திருக்கலாம். பக்கவாதம், தைராய்டு நோய், தலைக்காயம் ஆகியவற்றாலும் இரட்டைப் பார்வை நேரும். உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலை இது. காரணத்தை மருத்துவர் ஆராய, எந்தத் தசை எந்த அளவு தளர்ந்துள்ளது என்று வரைபடமிட்டுக் காட்டுபவர் ஆர்த்தாப்டிஸ்ட். அவர் பொருத்தித் தரும் பட்டகக் கண்ணாடியால் அப்பெரியவர் மீண்டும் படியிறங்கி ஜுமுஆவுக்குச் செல்லக்கூடும். நெடுநேரம் படிக்கையில் எழுத்துகள் கலங்கித் தலைவலி கொள்ளும் மாணவர் சிலர்க்கு, இரு கண்களும் அருகில் குவியும் ஆற்றல் குறைந்திருப்பது காரணமாகலாம். முறையான பயிற்சியால் அது பெரும்பாலும் சீராகும்.

படிப்பும் பணியும்

இங்கிலாந்தில் ஆர்த்தாப்டிக்ஸ் தனிப் பட்டப்படிப்பாகவே உள்ளது. ஷெஃபீல்டு, லிவர்பூல் பல்கலைக்கழகங்களில் அதனைப் பயிலலாம். நம் நாட்டில் அது பெரும்பாலும் ஆப்டோமெட்ரிப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகிறது. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்களைப் பயின்றோர் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சியாக அமையும். அதன் பின்னர் இருகண் பார்வைத் துறையில் தனிப்பயிற்சி பெற்று ஆர்த்தாப்டிஸ்டாகப் பணியாற்றலாம். கண் மருத்துவ உதவியாளர்க்கான குறுகிய காலப் படிப்புகளும் உள்ளன.

இதற்காக நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. சங்கர நேத்ராலயாவைச் சார்ந்து 1985இல் தோன்றிய எலைட் ஆப்டோமெட்ரிப் பள்ளி இத்துறையில் இந்தியாவிற்கே முன்னோடி. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களிலிருந்து வந்த பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களைக் கண் பணியாளர்களாகப் பயிற்றி உலகின் கவனத்தை ஈர்த்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அறுவைக் கத்தியை ஏந்தக் கற்றுக்கொண்டவர் அப்பெருமகனார்.

சேருமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கல்லூரிக்கு முறையான பல்கலைக்கழக இணைப்பு உண்டா, நாள்தோறும் நோயாளிகளைக் காணும் மருத்துவமனை உண்டா என்று விசாரித்தறிய வேண்டும். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுதல் தகாது. மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆப்டோமெட்ரியையும் உள்ளடக்கியுள்ளதால், அங்கீகாரம் இனி மேலும் முக்கியமாகிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரிய விரும்புவோர் அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் உரிமத்தைப் பெற வேண்டும். தொடக்கத்தில் ஊதியம் பெரிதாக இராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அனுபவம் கூடக் கூட மதிப்பும் வருவாயும் கூடும். தேவைக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. உலகில் குறைந்தது 220 கோடிப் பேர்க்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறையைத் தடுத்திருக்கலாம் அல்லது இனியேனும் போக்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இப்பணிக்கு அறிவியல் அறிவோடு மொழியும் வேண்டும். அழும் குழந்தையைப் பேசி இணங்க வைக்க வேண்டும். படிப்பறியாத தாய்க்கு அவள் மொழியிலேயே விளக்க வேண்டும். மறுக்கும் முதியவரின் மனத்தை மாற்ற வேண்டும். இதனைச் செய்யவல்லது தாய்மொழி ஒன்றே. நல்ல தமிழ் பேசத் தெரிந்த ஆர்த்தாப்டிஸ்ட் பாதி சிகிச்சையைப் பேச்சிலேயே முடித்துவிடுவார்.

நம் கடமை

மாணவச் செல்வங்களே! மருத்துவராக இயலாதோர் நுழையும் பின்வாசலாக இத்துறையை எண்ணாதீர்கள். பொறுமையும் நுண்ணோக்கும் அன்பும் உடையோர்க்கென அமைந்த தலைவாயில் இது. நம் மகளிர் கண்ணியத்தோடும் நிறைவோடும் பணிபுரிய ஏற்ற களமும் ஆகும். பெற்றோர்களே! நாலு பேர் கேட்டால், "என் மகள் குழந்தைகளுக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்கிறாள்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

சமுதாயப் பெரியோர்களே! நம் மதரஸாக்களில் ஆண்டுக்கு ஒருமுறை சிறார்க்குக் கண் பரிசோதனை நடத்த ஜமாஅத்துகள் முன்வர வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது. ஒரு கண்ணை மூடினால் வாளாவிருக்கும் குழந்தை மற்றைக் கண்ணை மூடினால் அழுகிறதா என்று வீட்டிலேயே கவனிக்கலாம். அழுதால் தாமதமின்றி மருத்துவரை நாடலாம். இத்துறையில் பயில விரும்பும் ஏழை மாணவர்க்குக் கல்வி உதவி வழங்கலாம்.

பார்வை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் குழந்தைகளின் பார்வையோ அவர்கள் பேசக் கற்கும் முன்பே நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை உரிய காலத்தில் பேணிக்காக்கவும், அப்பணிக்கெனத் தம்மை ஒப்படைக்கும் இளைஞர் பலர் நம்மிலிருந்து தோன்றவும் வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.